வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்துத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆங்கிலம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஊரிஸ், ஆக்ஸிலியம், முத்துரங்கம் அரசுக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுதோறும் பட்டதாரிகள் வருகிறார்கள். பி.எட்., டி.எல்.எட். முடித்தவர்களும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் சில மாதம் வெளிநாட்டுக்குப் போய், ஏதாவது ஒரு கிராமப் பள்ளியில் சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. சம்பள வேலை தேடுகிறவர்களுக்கு வழி வேறு, விசாவும் வேறு.

தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் வகுப்புக்கு ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார். நீங்கள் திரும்பிய பிறகும் அவர்தான் அங்கே இருப்பார். ஆகவே நீங்கள் கொண்டுபோவது அவர் கையில் தங்க வேண்டும், அவரைத் தாண்டிப் பிள்ளைகளிடம் போனால் நிற்காது. இரண்டு வாரத் தன்னார்வலர்கள் மாறிமாறி வரும் பள்ளிகளில் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் நிறங்களின் பெயரையும் ஒன்று முதல் பத்து வரையும்தான் படிக்கிறார்கள். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவதே காரணம். இதனால் குறைந்தது ஒரு முழுப் பருவம், அதாவது மூன்று மாதம் ஒதுக்க முடிந்தால் மட்டும் கிளம்புங்கள். அவ்வளவு நாள் இல்லாதவர்கள் ஜவ்வாது மலையிலோ பேரணாம்பட்டிலோ ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் போய்வந்தால் பிள்ளைகளுக்குப் பயன் அதிகம்.

எந்த நாடு என்பதை எப்படி முடிவு செய்வது?

நாட்டின் அழகைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் வாயில் என்ன மொழி இருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஆங்கிலம் தெரியாத நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றால், முதல் மாதம் முழுவதும் ‘உட்காருங்கள்’, ‘நோட்டை எடுங்கள்’ என்பதைப் புரியவைப்பதிலேயே போய்விடும்.

தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு முதல் இடம் இலங்கைதான். வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் நுவரெலியா, ஹட்டன், பதுளை போன்ற மலையகப் பகுதிகளிலும் தமிழ்வழிப் பாடசாலைகள் இருக்கின்றன. தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் தேவை அதிகம். பேச்சு நமக்குப் புரியும், ஆனாலும் சில சொற்களைப் போகும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் அங்கே அதிபர், வகுப்பு என்பது தரம், பருவம் என்பது தவணை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நிகராகத் தரம் 11 முடிவில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை வரும். கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கி மூன்று தவணையாக நடக்கும். கடந்த சில ஆண்டுகளில் இது தள்ளிப்போனதும் உண்டு, முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை நாட்கள் வேறு. எனவே தேதியை அதிபரிடமே கேட்டு உறுதி செய்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். அரசுப் பாடசாலைக்குள் வெளியார் பாடம் நடத்த அதிபரின் சம்மதம் மட்டும் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

இலங்கை விஷயத்தில் நம்மவர்கள் தவறுவது விசாவில். இணையத்தில் வாங்கும் சுற்றுலா நுழைவு அனுமதியில் சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. ‘சும்மாதானே சொல்லிக்கொடுக்கிறோம்’ என்ற வாதம் செல்லாது. அழைக்கும் அமைப்பு அங்கே குடிவரவுத் திணைக்களத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து உரிய விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதைச் செய்ய மாட்டோம் என்று சொல்லும் அமைப்பை விட்டுவிடுங்கள்.

உருது பேசும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்தவர்களுக்கு நேபாளம் பொருத்தமான நாடு. உருதுவும் இந்தியும் அறிந்தவர் பேசுவது அங்கே பெரும்பாலோருக்குப் புரியும். 1950ஆம் ஆண்டு இந்திய – நேபாள ஒப்பந்தப்படி நமக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம். ஆதார் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தரைவழி என்றால் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பேருந்தில் சுனௌலி எல்லை. ஆனால் பள்ளிப் பணிக்குப் போகிறவர்கள் எந்த வழியில் போனாலும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதே நல்லது. சிம் கார்டு வாங்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

நேபாளத்தில் கல்வியாண்டு ஏப்ரல் நடுவில், பைசாக மாதத்தில் தொடங்கும். தசைன், திகார் பண்டிகைகளுக்காக அக்டோபர், நவம்பரில் நீண்ட விடுமுறை. அக்டோபரில் போய் இறங்கினால் பூட்டிய பள்ளியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். வார விடுமுறை நெடுங்காலமாகச் சனிக்கிழமை. 2015 அரசமைப்புச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கல்வி உள்ளாட்சியின் பொறுப்பு. எனவே தலைமை ஆசிரியரோடு, அந்த ஊர் நகரபாலிகா அல்லது காவுன்பாலிகாவின் கல்விப் பிரிவிலும் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். பணத்தில் 1.60 நேபாள ரூபாய்க்கு ஓர் இந்திய ரூபாய் என்ற மதிப்பு 1993 முதல் மாறவில்லை. நம் பெரிய நோட்டுகளுக்கு அங்கே அவ்வப்போது தடை வந்திருக்கிறது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோவது சிக்கலில்லாத வழி.

தாய்லாந்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே சம்பளம் இல்லாத பணிக்கும் ‘நான்-இமிகிரன்ட் ஓ’ (Non-Immigrant O) வகை விசாவும், தொழிலாளர் துறையின் வேலை அனுமதிப் பத்திரமும் வேண்டும். அழைக்கும் பள்ளியோ அறக்கட்டளையோ பதிவு பெற்றதாக இருந்தால்தான் இவை கிடைக்கும். தொடர்ந்து தங்கினால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியை அறிவிக்க வேண்டும். பள்ளி மே நடுவில் தொடங்கி, அக்டோபர் இடைவெளி போக, மார்ச் வரை நடக்கும்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் தொடங்கியது. அதில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, தேர்வானால் வாழ்க்கைச் செலவுக்குப் படியும் தருவார்கள். ஆனால் வகுப்பறையில் ஆங்கிலம் கற்பிக்கும் பணியிடம் அதில் அபூர்வமாகத்தான் வரும். அமெரிக்காவின் பீஸ் கோர் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் உரியது, அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அழைப்பு வந்ததும் சரிபார்க்க வேண்டியவை

இதைப் படித்துவிட்டு மேலே போகாமல் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 2022ஆம் ஆண்டு, தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். கம்போடியா, லாவோஸ் பெயரிலும் இதே வலை விரிக்கப்படுகிறது. வேலையின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்: டேட்டா என்ட்ரி, கால் சென்டர், சில நேரம் ஆங்கில ஆசிரியர்.

எனவே அழைப்பு வந்ததும் பள்ளியின் பெயரை வைத்து அந்த நாட்டுக் கல்வித்துறைப் பட்டியலிலும் வரைபடத்திலும் தேடுங்கள். அழைப்பில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நீங்களே தேடியெடுத்த எண்ணில் தலைமை ஆசிரியரை அழையுங்கள். வீடியோ அழைப்பில் வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள், உங்களோடு பாடம் நடத்தப்போகும் ஆசிரியரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். உண்மையான பள்ளி இதற்குத் தயங்காது. ‘முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விமான டிக்கெட்டும் நாங்களே போடுகிறோம், சம்பளமும் உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டை எங்களிடம் கொடுங்கள் என்றாலும் அப்படித்தான். இடையில் ஏஜென்ட் இருந்தால், அவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ–மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சந்தேகம் தீராவிட்டால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் கேளுங்கள்.

பங்கேற்புக் கட்டணம் கேட்கும் அமைப்புகள் உண்டு. கட்டணம் வாங்குவதாலேயே அவை மோசம் என்று ஆகிவிடாது. தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் யாராவது செலவு செய்தாக வேண்டும். ஆனால் அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, விருந்தோம்பும் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் எழுத்தில் பதில் வர வேண்டும்.

அனாதை இல்லங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தில் மட்டும் சேராதீர்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பணத்துக்காகவே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் இல்லங்களும் பிடிபட்டிருக்கின்றன. நீங்கள் போனால் அந்த வியாபாரம் வளரும்.

காகிதங்கள்: ஆறு மாதம் முன்பிருந்தே

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வேலூர் தலைமை அஞ்சலகத்தில் உள்ள சேவை மையத்தில் நேரம் வாங்கிக்கொள்ளலாம். 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலுக்கு மேலும் 2,000. இருப்பவர்கள், திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, பட்டத்தில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணி’ என்று இருக்கும். வெளிநாட்டு அதிகாரிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அழைப்புக் கடிதம், டிக்கெட், காப்பீடு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் போடச் சொல்லுங்கள். சான்றிதழ்களில் மாறுபாடு இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக் கூடவே வையுங்கள்.

பிள்ளைகளோடு பழகப்போவதால் காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும். அதுவும் பாஸ்போர்ட் சேவைத் தளத்திலேயே, 500 ரூபாய். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகப் பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால் இதை மட்டும் மிகச் சீக்கிரம் எடுக்க வேண்டாம். பள்ளியே இதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகக் கொடுங்கள். யார் வந்தாலும் கேட்க வேண்டும் என்ற பழக்கம் அந்தப் பள்ளிக்கு அதனால் வரும்.

பட்டச் சான்றிதழுக்குச் சான்றொப்பம் கேட்கும் நாடுகள் உண்டு. முதலில் மாநில அரசின் ஒப்பம், பிறகு மத்திய வெளியுறவுத் துறையின் முத்திரை என்று அது நடக்கும். ஒருவர் நாட்டு முத்திரையை மற்றவர் ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் இல்லாத நாடு என்றால் அதற்கு மேல் அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தால் அதன்மேல் முத்திரை குத்த முடியாது. லேமினேஷனைப் பிரிக்கப் பார்த்துக் கிழித்துக்கொள்ளாமல், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் படிக்கு விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் துறையின் முன்அனுமதி இல்லாமல் டிக்கெட் போடக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும்.

கிளம்பும் முன் இங்கேயே 20 மணி நேரம்

இணையத்தில் 120 மணி நேர ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ் கிடைக்கிறது. பல அமைப்புகள் அதைக் கேட்கும். அதில் இலக்கணமும் பாடக் குறிப்பு எழுதுவதும் வரும், உயிருள்ள வகுப்பு வராது. பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆசிரியர் தளத்தில் இலவசமாகவே நல்ல பாடங்கள் இருக்கின்றன. எதைப் படித்தாலும், கிளம்பும் முன் 20 மணி நேரமாவது நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுங்கள். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு ஒன்றியங்களில் தலைமை ஆசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். ஓராசிரியரே பல வகுப்பைச் சமாளிக்கும் பள்ளி கிடைத்தால் விடாதீர்கள். நீங்கள் போகும் மலைப்பள்ளியிலும் நிலைமை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

அந்த வகுப்புகளில் தமிழைப் பத்து நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் என்று குறைத்துப் பழகுங்கள். ‘ஸ்டேண்ட் அப்’, ‘ஓப்பன் யுவர் புக்’ போன்ற பதினைந்து கட்டளைகளைக் கை சைகையோடு மட்டும் சொல்லிப் புரியவைக்க வேண்டும். இது வந்துவிட்டால் எந்த நாட்டு வகுப்பிலும் முதல் நாளைத் தாண்டிவிடலாம்.

உச்சரிப்பையும் இங்கேயே சீர்செய்ய வேண்டும். நாம் ‘புக்கு’, ‘பஸ்ஸு’, ‘பெஞ்சு’ என்று கடைசியில் ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம். ‘எம்’மை ‘யெம்’ என்றும், ‘ஒன்லி’யை ‘வொன்லி’ என்றும் சொல்கிறோம். பை, முதுகு இரண்டுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களின் (bag, back) கடைசி ஒலி வேறு. நம் எழுத்தில் இரண்டும் ‘பேக்’ என்றே வருவதால் பேச்சிலும் ஒன்றாகிவிடுகிறது. நம்மோடு நாம் பேசும்போது இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும். இருபது சொற்களைக் கைப்பேசியில் பதிவு செய்து, கேம்பிரிட்ஜ் அகராதித் தளத்தின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மாதம் முழுக்க தினம் பத்து நிமிடம் செய்தால் போதும். வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை, சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்தையும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். இலங்கையில் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் நேபாளத்தில் பாடத்திட்ட மேம்பாட்டு மையமும் புத்தகங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. நீங்கள் எடுக்கும் பாடம் அந்தப் புத்தகத்தோடு சேராவிட்டால், தேர்வு நெருங்கியதும் ஆசிரியர் உங்கள் பீரியடைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அதில் அவர்மேல் தப்பில்லை.

பெட்டியில் என்ன?

மலைப்பள்ளியில் புரொஜெக்டர் இருக்காது, இருந்தாலும் மின்சாரம் இருக்காது. வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. நான்காக வெட்டினால் அருமையான படஅட்டைகள். 60 போதும். தடித்த கறுப்பு மார்க்கர் 4, வண்ணச் சாக்பீஸ் 2 பெட்டி, 5 மீட்டர் நைலான் கயிறு, துணி கிளிப் 20, பகடை 6. அட்டைகளைக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினால், போர்டு உடைந்த வகுப்பிலும் பாடம் நடக்கும். இலங்கையில் சதுர முனை மூன்று உள்ள பிளக் என்பதால் அடாப்டர் ஒன்று. மிட்டாய், பேனா மூட்டைகளை எடுத்துப் போகாதீர்கள். கொடுத்தால் அடுத்து வருகிறவரிடமும் பிள்ளைகள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஏதாவது தர வேண்டும் என்றால் தலைமை ஆசிரியரைக் கேட்டு, பள்ளி நூலகத்துக்கு ஒரு அகராதி கொடுங்கள்.

முதல் வாரம்

முதல் மூன்று நாள் பாடம் எடுக்காதீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியர் எப்படி நடத்துகிறார், யார் பேசுகிறார்கள், யார் வாயே திறப்பதில்லை என்று பாருங்கள். குறை காணும் முகத்தோடு உட்காரக் கூடாது. அவர் நன்றாகச் செய்வதில் இரண்டைக் குறித்து, அவரிடமே சொல்லுங்கள். பிறகு அவரோடு சேர்ந்து பிள்ளைகளின் நிலையைச் சோதியுங்கள். ஒவ்வொருவரும் பத்துச் சொல்லை வாசிக்க வேண்டும், பத்துப் பொருளைக் காதால் கேட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும், ஐந்து சொல் எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், நாற்பது பேருக்கு மூன்று பீரியட். நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள் பாதி இருந்தாலும் திகைக்க வேண்டாம், அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒரு பாடத்தை நிமிடம் நிமிடமாகப் பார்ப்போம். நான்காம் வகுப்பு, 40 பிள்ளைகள், 40 நிமிடம், தலைப்பு கடை. மேசையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி, வாழைப்பழம், சோப்பு, நோட்டு என ஆறு பொருள். அதற்கு மேல் வைத்தால் மனதில் நிற்காது. முதல் 5 நிமிடம் ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டிப் பெயரை மூன்று முறை நீங்கள் மட்டும் சொல்கிறீர்கள். பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். அடுத்த 7 நிமிடத்தில், முதலில் பெயரைச் சொன்னதும் தொட்டுக் காட்டுகிறார்கள். பிறகு வகுப்பே சேர்ந்து, பின் வரிசை வரிசையாக, பின் ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். இதற்குப் பிறகுதான் சொல்லைப் போர்டில் எழுத வேண்டும். முதலிலேயே எழுதினால் கண் எழுத்தில் போய்விடும், காது மூடிக்கொள்ளும்.

12ஆம் நிமிடத்திலிருந்து 20 வரை ஒரே கேள்வி: ‘ஹவ் மச் இஸ் திஸ்?’ பதில்: ‘இட்ஸ் டென் ருப்பீஸ்.’ நீளமான கேள்வியைக் கடைசியிலிருந்து கட்டுங்கள்: ‘திஸ்’, ‘இஸ் திஸ்’, ‘மச் இஸ் திஸ்’, ‘ஹவ் மச் இஸ் திஸ்’. முன்னாலிருந்து கட்டினால் பாதியில் குரல் இறங்கி, கடைசிச் சொற்கள் விழுந்துவிடும். விலை 5, 10, 20, 50 மட்டும். 13, 15 என்று போனால் 30, 50 என்று காதில் விழுந்து வகுப்பே குழம்பும். அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது.

20 முதல் 33 வரை இருவர் இருவராக. கடைக்காரரிடம் விலை எழுதிய அட்டைகள், வாங்குகிறவரிடம் விலைக்கட்டம் காலியாக உள்ள பட்டியல். கேட்டால்தான் விலை தெரியும், தெரிந்தால்தான் எழுத முடியும். இந்த மறைப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டு முறை கிளிப்பிள்ளை போலச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் காலையிலேயே சொல்லிவைத்தால் மனக்கசப்பு வராது. ஆசிரியர் ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமுமாகச் சுற்றி வாருங்கள். முன்வரிசைப் பிள்ளைகள் உங்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், பின்வரிசையிலிருந்து தொடங்குவது நல்லது. மீதி நேரத்தில் மூன்று வாக்கியம் நோட்டில் எழுதட்டும்.

இதே பாடத்தை மறுநாள் ஆசிரியர் முன்னின்று நடத்த, நீங்கள் துணையாக நில்லுங்கள். ‘நீங்களே எடுங்க சார், நீங்க நல்லா எடுக்கறீங்க’ என்று அவர் வெளியே போகப் பார்ப்பார். பல இடத்தில் திட்டம் குலைவது இங்கேதான். அவருக்கு ஓய்வு தேவை, உங்களுக்கு வகுப்பு தேவை. இருவருக்கும் அது வசதியாகத்தான் தெரியும். அழைப்பை ஏற்கும்போதே, ஆசிரியர் இல்லாமல் வகுப்பு எடுக்க மாட்டேன் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். ஆசிரியருக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம் இருந்தால், பள்ளி விட்டபின் அரை மணி நேரம் இருவரும் மறுநாள் பாடத்தைப் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் எதிரில் அவர் ஆங்கிலத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பும் உங்கள் உடம்பும்

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. அறைக்கு அழைப்பது, கைப்பேசி எண் வாங்குவது, தனிச்செய்தி அனுப்புவது எதுவும் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பள்ளியின் எழுத்து அனுமதி இல்லாமல் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளையை ஒரு வெளிநாட்டவர் படமெடுத்துப் போட்டால் நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவர்களும் பார்ப்பார்கள். ஏதாவது பிள்ளை அடி, தொந்தரவு பற்றி உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டதை அதே சொற்களில் எழுதி, பள்ளியில் அதற்கென இருக்கும் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள்.

தடுப்பூசிக்குப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பற்றிக் கேளுங்கள். மருத்துவமனை எட்டாத மலையூர் என்றால் வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு அதற்கான சான்று கட்டாயம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு நுவரெலியாக் குளிரும் நேபாள மலைக் குளிரும் புதிது. இரண்டு ஸ்வெட்டரும் உள்ளே போடும் சூடான உடையும் பெட்டியில் இருக்கட்டும்.

பயணக் காப்பீட்டில், தன்னார்வப் பணியின்போது நேரும் விபத்தும் அடங்குமா என்று பாலிசியில் வாசித்துப் பாருங்கள். சுற்றுலாவுக்கு மட்டும் என்று இருந்தால் வகுப்பில் கால் முறிந்தாலும் பணம் வராது. திரும்பும் டிக்கெட்டுக்கும் ஒரு மாதச் செலவுக்கும் ஆன தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, என்ன நடந்தாலும் தொடாமல் வையுங்கள். இறங்கிய வாரத்திலேயே இந்தியத் தூதரகத்தின் பதிவில் பெயரைச் சேருங்கள். தங்கும் முகவரி, தலைமை ஆசிரியர் எண், பாஸ்போர்ட் நகல், இந்த மூன்றும் வீட்டில் ஒருவரிடம் காகிதமாக இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு

புதிய பாடம் தொடங்குவதை நிறுத்துங்கள். இந்த மூன்று வாரமும் ஆசிரியர் முன்னால், நீங்கள் பின்னால். நடத்திய பாடங்களை ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதுங்கள்: தேதி, புத்தகத்தின் எந்தப் பக்கம், எந்தச் சொற்கள், எது எடுபட்டது, எது எடுபடவில்லை. பிள்ளைகளின் பெயரும், முதல் வாரச் சோதனையில் எங்கே இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் கடைசிப் பக்கங்களில் வரட்டும். அதே சோதனையை மறுபடி நடத்தினால் இது தெரிந்துவிடும். நோட்டைத் தலைமை ஆசிரியரின் பீரோவில் பூட்டிவிடாமல், வகுப்பு ஆசிரியரின் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அட்டைகள், கயிறு, கிளிப், பகடை எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

போகும் நாளைப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் திடீரென்று சொல்வதும், திரும்பி வருவேன் என்று உறுதியில்லாமல் சொல்வதும் வேண்டாம். ஊர் திரும்பியபின் மாதம் ஒருமுறை அந்த ஆசிரியரை அழையுங்கள். அடுத்த தன்னார்வலர் வந்தால் அந்த நோட்டின் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.